கொடிக்கம்பத்தின் நிழல் விழும் இடம்

முதலாவது அநீதி, மில்லில் பஞ்சுத் தூசியை உறிஞ்சும் குழாய் மாட்டியிருப்பதாகக் காகிதத்தில் காட்டிவிட்டுக் குழாயை மாட்டாமல் விட்டது. இரண்டாவது, குழாய் எங்கே என்று கேட்ட எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. மூன்றாவது, வெளியே நின்றவர்களைக் கலகக்காரர்கள் என்று எழுதிப் போலீஸ் வண்டியில் ஏற்றியது. நான்காவது, வெளியே நிற்கிறவனுடைய பெண்டாட்டி உள்ளே எந்த மிஷினில் நிற்கிறாள் என்று தேடிப் பிடித்து, அவளைத் தூசி அதிகமான வரிசைக்கு மாற்றியது. ஐந்தாவது, அவளுடைய இருமலை மில் டாக்டர் ஆஸ்துமா என்று எழுதியது. ஆஸ்துமா என்றால் அவள் உடம்பின் குற்றம், பஞ்சு நோய் என்றால் மில்லின் குற்றம், ஒரு வார்த்தையில் மில் கையைக் கழுவிக்கொண்டது. ஆறாவது, எங்கள் காலனிக்கு வரும் கரண்டுக் கம்பியை எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் கம்பத்தோடு முடித்தது. வாலில் இருக்கிற வீட்டுக்கு எதுவும் மெலிந்துதான் வந்து சேரும். ஏழாவது, போன சித்திரையில் பட்டப்பகலில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, என் பெண்டாட்டி நாச்சம்மாளுக்கு மூச்சுக் கொடுக்கிற ஆக்சிஜன் மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இந்த வரிசையை நான் மாற்றமாட்டேன். எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன், வரிசை பிசகினால் எதிராளி நடுவில் புகுந்துகொள்வான், ஒன்றிலிருந்துதான் இன்னொன்று வந்தது என்பதை மறைத்துவிடுவான். எட்டாவதில்தான் நாக்கு தடுக்குகிறது. எட்டாவது, எங்கள் மகள் வாலண்டினா ஓசூரிலிருந்து காரோடு வந்து, அம்மாவையும் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனது. அதை அநீதி என்று எழுத முடியவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை. மிஷின் நின்ற அன்றைக்கு நான் நோட்டீசுக் கட்டை எடுத்து நாச்சம்மாளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன், அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள், ஒரு வார்த்தையும் வரவில்லை, சாயங்காலம் கரண்டு வந்த பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை, "நோட்டீசு கசங்கிருச்சு பாருங்க" என்பது.

இப்போது மாசி வெயில். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து, கையில் ஒரு சாக்பீசோடு உட்கார்ந்திருக்கிறேன். என் வேலை நிழலைப் பார்ப்பது. கொடிக்கம்பத்தின் நிழல் நகர நகரத் தரையில் கோடு போட வேண்டும். சோலார் போடும் சகாயராஜ் கொடுத்துவிட்டுப் போன வேலை இது. அவர் திண்டுக்கல்காரர், நல்ல பேச்சு, கையில் இருக்கும் போனை வானத்துக்குக் காட்டினால் வருஷம் முழுக்க நிழல் எங்கே விழும் என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். "ஆப்பு சொல்றத நீங்க நம்ப மாட்டீங்கய்யா, உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கண்ணால பாத்துக்கிருங்க. நான் அடுத்த தெருவுல ஒரு வீட்டுக்கு அளவெடுத்துட்டு வந்துர்றேன்." ஆள் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். காலையில் வந்ததும் கரண்டு அட்டையைக் கேட்டார், புரட்டினார், சிரித்தார். "அய்யா, அரசாங்கம் ஃப்ரீயா குடுக்குற யூனிட்டக்கூட நீங்க தாண்டல. ஒரு ஃபேனு, ஒரு லைட்டு. உங்களுக்கு எதுக்கு சோலாரு?" நான் அட்டையை வாங்கி மடித்து வைத்தேன். "வீட்ல எத்தன பேரு?" என்று அடுத்துக் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் எத்தனையோ கேள்விக்கு வாயை மூடி நின்றிருக்கிறேன், பெருமையோடு நின்றிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் நின்றதில் பெருமை இல்லை. ஒரு ஆள் என்று சொன்னால் ஒரு கிலோவாட் போதும், அதுவே அதிகம். ரெண்டு ஆள், அதில் ஒரு ஆளுக்கு ராத்திரி முழுக்க மிஷின் ஓடவேண்டும், கோடையில் அறை குளிர வேண்டும் என்றால் மூன்று கிலோவாட், கூடவே பேட்டரி. கடையில் சட்டை வாங்கப் போனால் ஆளை நிறுத்தி அளவு பார்ப்பார்கள். இங்கே ஆளில்லாமல் அளவு சொல்ல வேண்டியிருக்கிறது. "எத்தன பேருன்னு அப்பறம் சொல்றேன்" என்றேன். "அப்பறம்னா?" "நிழலப் பாத்துட்டு." அவர் அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு சாக்பீசை நீட்டினார்.

அவருடைய கம்பெனி நோட்டீசு இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. பளபளப்பான தாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மற்றதெல்லாம் நோட்டீசில் படித்தது. எட்டு பக்க வெளியீடு, பதினாறு பக்க வெளியீடு, டீக்கடை பெஞ்சில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டது. அப்படிப் படித்தவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும், எழுதியிருப்பதைக் கடைசியில் படிப்பான், எழுதாமல் விட்டதை முதலில் தேடுவான். இந்த நோட்டீசில் மாடி இருக்கிறது, சிரிக்கிற குடும்பம் இருக்கிறது, சூரியன் இருக்கிறது. கரண்டு கட்டாகும் நேரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. "கரண்டு போனா இது ஓடுமா?" என்று கேட்டேன். சகாயராஜ் பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். "இந்த சாதா சிஸ்டம் ஓடாதுய்யா. லைன் செத்தா இதுவும் தானா ஆஃப் ஆயிரும்." என் மாடி, என் வெயில், என் பேனல், ஆனால் கரண்டு ஆபீசுக்காரன் லைன் நின்றால் நானும் நிற்க வேண்டும். தொண்டை வரைக்கும் ஒரு கூட்டத்துக்கான பேச்சு ஏறி வந்தது. "ஏன் அப்படி?" என்றேன், மேடைக் குரலில். "லைன்மேன் கம்பத்துல ஏறி நிப்பாருல்லய்யா. லைன் ஆஃப்னு நம்பி கைய வைப்பாரு. உங்க மாடியில இருந்து கரண்டு போய் அவர அடிச்சுட்டா?" பேச்சு அப்படியே இறங்கிவிட்டது. தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றுகிற விதி. அதை எதிர்த்து நான் எந்த வாயால் பேச முடியும்? பேட்டரியோடு சேர்ந்தது என்றால், லைனை வெட்டிவிட்டு வீட்டை மட்டும் தனியாக ஓட்டுமாம். நல்லவேளை கேட்டேன். கேட்காமல் போட்டிருந்தால், அவளும் நம்பி வந்திருந்தால், சித்திரையில் மறுபடி மிஷின் பெருமூச்சு விட்டிருந்தால். அந்த நினைப்பைத் தள்ளுகிறேன், அது நிழல் மாதிரி அங்கேயே நிற்கிறது. ஒரு கோடு போட்டேன். கொடியின் நிழல் காற்றில் ஆடுவதால் கோடு நேராக வரவில்லை, கம்பத்தின் நிழல் மட்டும் நேராக விழுகிறது, கறுப்புக் கம்பி மாதிரி, மாடியின் நட்ட நடுவில்.

அதுதான் சங்கடம். மாடி சின்னது. கிழக்கே மாடிப்படிக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும். தென்மேற்கு மூலையில் ரெண்டு பேனல் நிழல் படாமல் நிற்கும், ஒரு கிலோவாட். ஆறு பேனல் வைக்க வேண்டுமானால் நடு மாடி வேண்டும், நடு மாடியில் கம்பத்தின் நிழல் பகல் முழுக்க நடக்கிறது. "மெல்லிசு நிழல்தானே" என்றேன். "ஒண்ணு மேல விழுந்தாப் போதும்ய்யா, கோத்து வச்ச எல்லாமே சுணங்கிரும்." அது எனக்கு விளக்காமலே புரிந்தது. ஒருத்தன் வேலைக்கு உள்ளே போய்விட்டால் மொத்த வேலைநிறுத்தமும் சுணங்கும். கம்பத்தை வடக்குச் சுவருக்கு மாற்றலாம் என்றால் அங்கே கரண்டுக் கம்பி கையெட்டும் தூரத்தில் போகிறது, இரும்புக் குழாயை அங்கே நிறுத்தக் கூடாது. வாசலில் நடலாம் என்றால் வாசல்படி நேராகச் சாக்கடையில் இறங்குகிறது. இந்தக் கம்பம் மில் வாசலில் நின்றது. எங்கள் ஆட்கள் அதன் கீழே கூடினார்கள், அதன் கீழே அடிபட்டார்கள், அதன் கீழேதான் வண்டி வந்து நின்றது. மில்லை மூடி, வாசலை இடித்து, இடத்தை வீட்டுமனையாகக் கூறு போட்டபோது நானும் என்னோடு மில்லில் இருந்த காசிமும் கம்பத்தைத் தோளில் தூக்கி வந்தோம். ஊருக்குள் எங்கள் கொடி பறக்கிற ஒரே இடம் இந்த மாடி. கீழே போகிற பிள்ளைகளுக்கு அது என்ன கொடி என்று தெரியாது, தெரியாவிட்டால் என்ன, பறக்கிறது. வண்டி வந்து நிற்கும்போது எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது, வேறு எந்தச் சங்கத்திலும் நான் பார்த்ததில்லை. ஏறுகிற ஒவ்வொரு ஆளின் பெயரையும் ஏறுவதற்கு முன்னால் ஊரறியப் படிக்க வேண்டும். பெயர், தகப்பன் பெயர் அல்லது கணவன் பெயர், வேலை, இருப்பிடம். அதன் பிறகு, உடம்பில் காயம் இல்லை. கடைசியில் மறுபடியும் பெயர். சுற்றி நிற்கிறவர்கள், கேட்டோம் என்று சொல்ல வேண்டும். உள்ளே போனவன் காயத்தோடு வெளியே வந்தால் அந்தக் காயம் யார் போட்டது என்பதற்கு ஊரே சாட்சி. பெயர் படிக்கப்படாமல் ஏறியவனை இல்லை என்று சொல்லிவிடலாம், படித்த பெயரை அப்படிச் சொல்ல முடியாது. படிப்பது நாச்சம்மாள். நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் அத்தனை மிஷின் இரைச்சலையும் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. மைக் வேண்டாம். "மா. ரெங்கராசு" என்று அவள் ஆரம்பித்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நிற்கும். வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அங்கே மட்டும்தான் என் பெயர் அவள் வாயில் வரும், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை, முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று. பெருமையாகச் சொல்கிறேன், சில தடவை நான் கைதாகப் போனது கோரிக்கைக்காக மட்டும் இல்லை. அந்தக் கடைசிப் பெயருக்காகவும்தான்.

போன் அடித்தது. எடுத்தால் அவளேதான். முதலில் மிஷினின் சத்தம், அப்புறம் மூச்சு, அப்புறம்தான் வார்த்தை. "தோழரே. சாப்டாச்சா?" கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தோழரேயில் பாதி மரியாதை, பாதி நக்கல், எந்தப் பாதி எதுவென்று அவளுக்குத்தான் தெரியும். சாப்பிட்டேன் என்றேன். "என்ன?" "மாவு வாங்கித் தோச." "செல்வராணி மாவா. அது... புளிக்கும். ரெண்டு நாள் மாவ... தள்ளிவிடுவா உங்க தலையில." வாக்கியத்தை மூன்றாக வெட்டி வெட்டித்தான் பேச முடிகிறது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், மிஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் வாட் என்று போட்டு ஒரு நம்பர் இருக்கும், பார்த்துச் சொல்லு. எதுக்கு என்று கேட்கவில்லை. நாற்காலி உரசுகிற சத்தம் கேட்டது, குனிகிறாள், குனிந்தால் மூச்சு முட்டும் என்று தெரிந்தும் குனியச் சொல்லிவிட்டேன். பேத்தியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் படித்துக் கேட்க வேண்டும் என்று இருந்தது. "முந்நூத்து..." மூச்சு. "...அம்பது." மூச்சு. "வாட்." ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திய குரல். நான் சாக்பீசால் தரையில் 350 என்று எழுதினேன். "சோலாரா?" என்றாள். "எவ சொன்னா?" "எவ சொல்லணும். மாடியில நிக்கிறீங்க... கொடி சடசடங்குது... எனக்குக் கேக்குது." அவளே சொன்னாள், "நடுவுல வைக்க முடியாது. மொளகா காயப்போட்டே... எனக்குத் தெரியும். உச்சி வரைக்கும் நடுவுல நிக்கும். மூணு மணிக்கு மேலதான்... தொட்டிப் பக்கம் போவும். முறத்தத் தள்ளித் தள்ளி வைப்பேன்." ஆப்பு சொன்னதையும் சாக்பீஸ் சொல்லப்போவதையும் அவள் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் சொன்னதுதான் முள். "கம்பத்துல கை வைக்காதீங்க. நான் வந்தாலும்... வராட்டியும்... அது நிக்கட்டும்." பின்னால் வாலண்டினாவின் குரல், அம்மா பேசுனது போதும், வைங்க. வைத்துவிட்டாள்.

வந்தாலும் வராட்டியும். வராட்டியும் என்பதை ஏன் சொல்ல வேண்டும்? பேச்சோடு வந்த வார்த்தையா, டாக்டர் ஏதாவது சொல்லி அதை வாலண்டினா என்னிடம் மறைக்கிறாளா? மூச்சு இல்லாதவள் தேவையில்லாத வார்த்தையைச் செலவழிக்கமாட்டாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு கொடுக்கிறாள், வராட்டியும் என்பதற்கும் ஒரு மூச்சு கொடுத்திருக்கிறாள். ஓசூரில் நல்ல குளிர்ச்சி, அடுக்குமாடி, கரண்டு போனால் கண்ணிமைக்கிற நேரத்தில் ஜெனரேட்டர். மாப்பிள்ளை தங்கமான ஆள், சங்கம் வேண்டாத கம்பெனியில் மேனேஜர், அதையும் அவரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். பொங்கலுக்குப் போனபோது அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள், சுத்தமான வேட்டி மாதிரி வெள்ளையாக ஒரு குழாய் மூக்கில். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சண்ட போட ஆளில்ல" என்றாள். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக வாழ்கிறேன். சண்டை போட ஆளில்லை என்றால் அழைத்துப் போ என்று அர்த்தமா, இல்லை வெறும் பேச்சா? ஆறு பேனலைப் போட்டு, பேட்டரியைச் சுவரில் மாட்டி, அறையைக் குளிரவைத்து, அவள் வராமல் போனால், அந்தக் குளிர்ந்த அறையில் நான் என்ன செய்வேன்? ரெண்டு பேனலைப் போட்டு, கொடி பறந்துகொண்டே இருந்து, அவள் கிளம்பி வருகிறேன் என்று ஒரு நாள் சொன்னால், அப்போது என்ன செய்வேன்? கம்பம் போவது தெரிந்த இழவு, அவள் வருவாளா என்பது தெரியாத இழவு. நிழல் என் நாற்காலிக் காலைத் தொட்டு, ஏறி, என் முழங்காலில் மடிந்து, அந்தப் பக்கம் இறங்கியது. கொடியின் நிழல் ஒரு தடவை என் கையை மூடித் திறந்தது. வெயிலில் அந்த ஒரு கை அளவு குளிர்ச்சி. இத்தனை வருஷம் இந்தக் கொடி எங்களுக்குக் கொடுத்த நிழல் இவ்வளவுதானா என்று தோன்றியது, தோன்றியதும் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. போதாது, போதாது என்று எத்தனை சுவரில் எழுதியிருக்கிறேன் இதே மாதிரி சாக்பீசால். கூலி போதாது, தண்ணி போதாது, காற்று போதாது. அவளுக்கு ஒரு கிலோவாட் போதும் என்று என் கை எப்படி எழுதும்? கம்பத்தில் கை வைக்காதே என்று அவள் சொன்னது தலைமையின் கட்டளை மாதிரி காதில் நிற்கிறது. நான் தலைமைக்குக் கட்டுப்பட்டவன் என்று யாராவது சொன்னால் காசிம் சிரிப்பான். நிழல் தொட்டிப் பக்கம் திரும்பியபோது நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. எழுந்து போய்க் கம்பத்தின் அடியில் இருந்த நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், துரு பிடித்திருந்தது, அவ்வளவுதான். பார்த்துவிட்டுக் காசிம் வீட்டுப் பக்கம் குனிந்து ஸ்பேனர் கொண்டு வா என்று கத்தினேன்.

காசிம் வந்தான். பஞ்சை அடிக்கிற மிஷினிலேயே காலம் தள்ளியதில் அவன் காதில் ஒன்று போய்விட்டது, மற்றதும் மந்தம். பின்னாலேயே பக்கத்து வீட்டுச் செல்வராணி, மாவு ஒட்டிய கையோடு. சகாயராஜும் அதே நேரத்தில் திரும்பி வந்து தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். "ஆப்புல காட்டுன மாதிரியேதான் வந்திருக்கு. இப்ப சொல்லுங்கய்யா, எத்தன?" "மூணு கிலோவாட்" என்றேன். காசிம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு கிலோ வாத்தா? எங்கடா வாங்குன, யாரு சமைக்கிறது?" செல்வராணி சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்பேனரை வாங்கிக் கம்பத்தைக் காட்டினேன். காசிமின் முகம் மாறியது. "கம்பத்தக் கழட்டுறியா? எவன் சொன்னான்?" "எவனும் சொல்லல. நானாத்தான்." "அவ வர்றாளா?" செல்வராணியும் அதையேதான் கேட்க வந்தவள் போல நின்றாள், "பெரியம்மா வர்றாங்களா பெரியப்பா?" "வர்ற மாதிரி வைக்கிறேன்" என்றேன். காசிமுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, குனிந்து முதல் நட்டில் எண்ணெய் விட்டான்.

கொடியை நான் இறக்கினேன். மடித்துச் செல்வராணி கையில் கொடுத்தபோது அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். சகாயராஜ் போனில் எதையோ நிரப்பிக்கொண்டே, "வீட்ல எத்தன பேருங்கிறது மட்டும் காலியா இருக்குய்யா" என்றார். "ரெண்டு. இருங்க, சும்மா எழுதாதீங்க, படிக்கணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. காசிமுக்குப் புரிந்தது, ஸ்பேனரைக் கீழே வைத்தான், வேட்டியை இறக்கிவிட்டான், மில் வாசலில் நிற்கிற மாதிரி நின்றான், நல்ல காதை என் பக்கம் திருப்பினான். "இவங்க ரெண்டு பேரும் சாட்சி. நீங்களும்தான்" என்றேன் சகாயராஜிடம். அவர் போனைத் தாழ்த்தினார். இத்தனை வருஷமாகப் படிக்கப்பட்டவன் நான், ஒரு தடவையும் படித்ததில்லை. எனக்கு அவள் தொண்டை இல்லை, இருந்ததைக் கொண்டு ஆரம்பித்தேன். பெயர், நாச்சம்மாள். கணவர், மா. ரெங்கராசு. வேலை, கோன் வைண்டிங். இருப்பிடம், இந்த வீடு. உடம்பில், என்று சொல்லி நின்றுவிட்டேன், ஏனென்றால் அந்த இடத்தில் எப்போதும் வரும் வார்த்தை வேறு. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் முடியட்டும் என்று காத்திருந்தேன். காசிம் கண்ணை எடுக்கவில்லை. உடம்பில் காயம் உண்டு, என்று படித்தேன். நெஞ்சுக்குள் இருக்கிறது. போட்டது யார் என்று ஊருக்குத் தெரியும். பிறகு மூச்சை முழுக்க இழுத்து, ஓசூர் வரைக்கும் கேட்கட்டும் என்று, கடைசிப் பெயரைப் படித்தேன். நாச்சம்மாள்.